கடற்கரைக்குப் போனால் மட்டும் டிஜிட்டல் பேனா மக்கர் பண்ணுகிறது

பாம்பன் கோடு:
மனித உருவம் வரைந்து பழக ஒரு டேப்லெட்டும், பேட்டரி வைத்த பேனாவும் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் அம்மா மீன் ஆய்வதை வரைந்தால் கோடு அருமையாக விழுகிறது. ஆட்கள் கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கும் இடத்தில்தான் வம்பு. அவர்கள் முதுகின் கோட்டை ஒரே வீச்சில் இழுத்தால் கோடு பாதியில் அறுகிறது. தொடாத மூலையில் புள்ளி விழுகிறது. சாய்வாக மெதுவாக இழுத்தால் பாம்பு மாதிரி நெளிகிறது. நிப் மாற்றியும் பயனில்லை. பேனா பழுதா, என் கையா?

மண்டபத்துக்காரன்:
சார்ஜ் போட்டுக்கொண்டே வரைகிறீர்களா தம்பி?

பாம்பன் கோடு:
ஆமாம் அண்ணே, பவர் பேங்க் செருகித்தான். வெயிலுக்குத் திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றினால் பேட்டரி தாங்குவதில்லை.

மண்டபத்துக்காரன்:
அப்படியானால் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. வயரைக் கழற்றிவிட்டு, ஸ்கேல் வைத்து அதே சாய்கோட்டை இழுத்துப் பாருங்கள். நெளிவு குறைந்தால் குற்றவாளி வயரோ பவர் பேங்கோதான். கொஞ்சம் மிச்சம் இருந்தால் விடுங்கள், இந்த வகைப் பேனாக்களில் மெதுவான சாய்கோடு லேசாக நெளிவது உண்டு.

புள்ளிக்கும் அறுபடுவதற்கும் காரணம் உப்பு. உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், திரை அதை விரல் என்று எண்ணிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதாது, படிந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு உலர்த்துங்கள். வரையும் செயலியில் விரலால் வரைவதையும் அணைத்துவிடுங்கள்.

கீழக்கரை:
என்னுடையது பேட்டரி இல்லாத பேனா. திரைக்குப் பின்னால் இருக்கும் தகட்டிலிருந்தே அதற்குச் சக்தி கிடைக்கிறது. அதற்கு எதிரி வேறு: காந்தம் வைத்த உறை. ஓரத்தில் கோடு விலகியது, உறையைக் கழற்றியதும் சரியானது. உங்களுக்கு இது பொருந்தாது, பின்னால் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஏர்வாடி:
நெளிவுக்குப் பயந்து ஸ்டெபிலைசரை, அதாவது கோட்டின் நடுக்கத்தைச் செயலியே சீராக்கும் வசதியை, ஏற்றி வைத்திருக்கிறீர்களா? குறையுங்கள். கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வந்தால் வேகம் செத்துவிடும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். கரைவலை இழுப்பவர் காலில் நிற்பதில்லை, கயிற்றில் தொங்குகிறார். முதலில் கயிறு, அப்புறம் குதிகாலிலிருந்து தலை வரை ஒரே கோடு, கை கடைசியில். தலையிலிருந்து நேராகக் கீழே கோடு விட்டால் குதிகாலுக்குப் பின்னால் விழ வேண்டும். பாதத்துக்கு நேர்மேலே தலையை வைத்தால் போட்டோவுக்குக் கயிற்றைப் பிடித்த மாதிரி இருக்கும். ஆள் நகர்ந்துவிட்டால் கவலை வேண்டாம், அடுத்தவரும் அதே சாய்வில்தான் வருவார்.

பாம்பன் கோடு:
இன்று காலை பார்த்துவிட்டேன். வயரைக் கழற்றியதும் நெளிவு முக்கால்வாசி போய்விட்டது. துடைத்த பிறகு புள்ளியே இல்லை. இடது ஓரத்தில் மட்டும் இரண்டு முறை கோடு அறுந்தது, அங்கே உள்ளங்கை வியர்வை. சாய்வு இப்போதுதான் பிடிபடுகிறது, ஆனால் ஐந்தாவது ஆளை வரைவதற்குள் வலையின் மடி (மீன் சேரும் பை) கரையேறிவிட்டது, எல்லாரும் மீனைப் பார்க்கக் குனிந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் திரையில் என் முகம்தான் தெரிகிறது, அதற்கு வழி உண்டா?

மண்டபத்துக்காரன்:
படகு நிழலில் உட்காருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், முகத்தைவிட அதுதான் திரையில் பளிச்சென்று விழும்.