ஆமைத் தொட்டியில் தங்கமீன் விடலாமா?

வைகைக்கரை:
வணக்கம். மூன்றடித் தொட்டியில் சிவப்புக் காது ஆமை இரண்டு வளர்க்கிறோம். இப்போது உள்ளங்கை அளவு. இரண்டும் விளக்கடியில் கல்மேல் ஏறிப் படுத்துவிட்டால் தண்ணீர் வெறிச்சென்று கிடக்கிறது, தங்கமீன் வாங்கி விடலாம் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆமை சாது, மீனை ஒன்றும் செய்யாது என்கிறார் கடைக்காரர். உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். மீன் தாங்குமா?

குளத்துமீன்:
தாங்காது. தயவுசெய்து விடாதீர்கள். இந்த வயதில் சிவப்புக் காது ஆமைக்கு இறைச்சி உணவில்தான் நாட்டம். வளர வளரத்தான் இலைதழைப் பக்கம் திரும்பும், அப்போதும் கையெட்டும் தூரத்தில் மீன் வந்தால் விடாது. பகலில் மீன் தப்பித்துக்கொள்ளும். இரவில் அசையாமல் நிற்கும்போதுதான் வாலும் துடுப்பும் போகும். அதிலும் தங்கமீன் மெதுவாக நீந்துவது, முதலில் மாட்டுவது அதுதான்.

கடி இல்லாவிட்டாலும் தண்ணீரே மீனைக் கொன்றுவிடும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது, தலையை வெளியே நீட்டிக்கொள்ளும். மீனின் செவுள் எந்நேரமும் அந்தத் தண்ணீரில்தான். ஆமைக் கழிவில் அம்மோனியா ஏறும்போது செவுள்தான் முதலில் புண்ணாகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும்போதே அம்மோனியா ஏறியிருக்கும், சோதித்தால்தான் தெரியும். இரண்டு ஆமைக்கு அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதவே போதாது. மீன் விடாவிட்டாலும் வெளியே வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டராக மாற்றுங்கள்.

இன்னொன்று. தங்கமீனில் தையமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். அடிக்கடி தங்கமீன் தின்கிற ஆமைக்கு அந்தச் சத்துக் குறைபாடு வரும். ஆக, இரு தரப்புக்கும் கெடுதல்தான்.

நீர்க்காகம்:
முழுக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். என் மொட்டைமாடி சிமெண்ட் தொட்டியில் ஆமையும் கப்பி என்கிற சின்ன மீன்களும் சேர்ந்தே இருக்கின்றன. இடம் பெரிது, பாசியும் செடியும் அடர்த்தி. ஆமை தின்றதுபோக மீதி குட்டி போட்டுப் பெருகிக்கொள்கிறது. கப்பியில் அந்த பி1 சிக்கலும் இல்லை. ஆனால் உங்கள் மகள் மீனுக்குப் பெயர் வைக்கிற பிள்ளை என்றால் இது வேண்டாம். தினம் ஒன்று காணாமல் போகும்.

வைகைக்கரை:
பெயர் இப்போதே வைத்துவிட்டாள்! அப்படியென்றால் தங்கமீன் வேண்டாம். பாசி தின்கிற சக்கர் மீன் ஒன்று மட்டும் விட்டால்? அதன் தோல் கெட்டியாக இருக்குமே.

குளத்துமீன்:
அதுவும் வேண்டாம். சக்கர் மீனின் துடுப்பில் முள் உண்டு, ஆமை விழுங்கப் பார்த்தால் தொண்டையில் சிக்கும். சில சமயம் அந்த மீனே ஆமை ஓட்டில் ஒட்டிக்கொண்டு சுரண்டும். ஆமைக் கழிவை அது தின்று சுத்தம் செய்யும் என்பதும் சரியில்லை, அதுவும் நிறையக் கழிவு போடுகிற மீன்தான்.

மகளுக்குத் தனியாக ஒரு தொட்டி வையுங்கள். ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவும் அது மாறி உண்டாகிற நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீன் விடுங்கள். ஆமைத் தொட்டியில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், வயிற்றுப்போக்கு தருகிற சால்மொனெல்லா கிருமி ஆபத்து உண்டு. 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை போட்டது குழந்தைகளுக்கு அந்தக் கிருமி தொற்றியதால்தான்.

மீனுக்கு யோசிக்கிற பணத்தை முதலில் ஆமைக்கு ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், மூன்றடித் தொட்டி இரண்டுக்கும் பற்றாது. இடம் பற்றவில்லை என்று வைகையிலோ கண்மாயிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். இது மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. நம் ஊர்ப் பாலாமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வளர்க்க முடியாத நிலை வந்தால் இங்கேயே எழுதுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறோம்.