ஏர்கூல்டு (காற்றால் ஆறும்) எஞ்சினுக்கு 60 கி.மீ.க்கு ஒருமுறை ஓய்வு தேவையா?

சவுக்குத்தோப்பு:
சென்னையிலிருந்து தனுஷ்கோடி, சுமார் 600 கி.மீ., மே மாதம், ஒரே பகலில். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஜே சீரீஸ் எஞ்சின். டபுள்ஸ், கூடவே இரண்டு பை. 60 கி.மீ.க்கு ஒருதடவை கால்மணி நேரம் ஆஃப் பண்ணி ஆறவிடணும்னு பாதிப் பேர் சொல்றாங்க, மீதிப் பேர் சிரிக்கிறாங்க. எஞ்சினுக்காக நிறுத்தணுமா?

கியர்பெட்டி:
நிறுத்தணும் தம்பி. சிரிக்கிறவங்க எஞ்சின் ஹெட் (சிலிண்டரோட மேல்மூடி) கழட்டிப் பார்த்ததில்ல. மே மாசம் தார் ரோட்டுக்கு மேல அடிக்கிற காத்தே அனல். தொடர்ந்து ஓட ஓட ஆயில் இளகும், பிஸ்டன் விரியும், போர்ல (சிலிண்டர் உள்சுவர்ல) கோடு விழும். 60 இல்லாட்டி 80 கி.மீ., நிழல்ல கால்மணி நேரம். எங்க ஊர்ப் பட்டறைகள்ல முப்பது வருஷமா இதைத்தான் சொல்லி அனுப்புறாங்க.

ஒற்றைசிலிண்டர்:
கியர்பெட்டி அண்ணே, "ஓட ஓட" சூடு ஏறிக்கொண்டே போகும் என்பதில்தான் எனக்கு மறுப்பு. ஒரே வேகத்தில் போனால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரு சூட்டில் நின்றுவிடும். ஆயில் அந்த நிலைக்கு வர அரை மணி ஆகலாம். அதன்பின் 60 கி.மீ. ஆனாலும் 160 கி.மீ. ஆனாலும் சூடு அதேதான், ஏனென்றால் உள்ளே பிறக்கும் வெப்பமும் ஃபின் (சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகள்) வழியாகக் காற்று எடுத்துப் போகும் வெப்பமும் சமம். நிறுத்தினால் முதலில் போவது காற்று. ஆஃப் செய்த முதல் சில நிமிஷம் ஃபின்னைத் தொடும் காற்றும் இல்லை, ஹெட்டுக்குள் ஓடும் ஆயிலும் இல்லை. உள்ளிருக்கும் வெப்பம் வெளியே பரவி, பக்கத்து பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிடச் சூடாகும்.

இந்த வழக்கம் டூ ஸ்ட்ரோக் காலத்துச் சொத்து. மைசூரில் செய்த யெஸ்டியில் பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு மசகு. யமஹா ஆர்எக்ஸ்100இல் தனி பம்ப் உண்டு, அதுவும் ஆக்சிலேட்டர் திறப்பைப் பார்த்துத்தான் ஊற்றும். நெடுநேரம் முறுக்கிப் பிடித்துவிட்டுச் சட்டென மூடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அங்கே ஓய்வு நியாயம். சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) ஆயிலும் பம்ப்பும் உள்ள நாலு ஸ்ட்ரோக்குக்கு அதே சட்டத்தைப் போடக்கூடாது.

கியர்பெட்டி:
டூ ஸ்ட்ரோக் மட்டுமா? பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்? இரும்பு போர், வெப்பம் கடத்துறதுல அலுமினியத்துல பாதிகூட வராது. பம்ப்போ சின்னது, மெதுவாத்தான் தள்ளும். அந்த வண்டிக்காரன் நிறுத்தாம போனா என்ன ஆகும்னு சொல்லுங்க.

ஒற்றைசிலிண்டர்:
காஸ்ட் அயர்னுக்கு நீங்கள் சொல்வது சரி. புதிதாக போர் அடித்து பிஸ்டன் மாற்றிய எந்த வண்டிக்கும் ரன்னிங் இன் (புதுப் பாகங்கள் பழகும் காலம்) முடியும்வரை அது பொருந்தும். கேள்வி ஜே சீரீஸ் பற்றியது. அலுமினிய சிலிண்டர், ஹெட்டைக் காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கும். 6100 ஆர்பிஎம்மில் 20 குதிரைசக்தி மட்டுமே எடுக்கும் சோம்பேறி எஞ்சின் அது.

கொல்லிமலை70:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. வேகம்.

80லிருந்து 100க்குப் போனா காத்தைக் கிழிக்கிற சக்தி மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு (1.25ஐ மூணு தடவை பெருக்குங்க, 1.95). அத்தனைக்கும் பெட்ரோல் எரியணும், எரியிற பெட்ரோல்ல பெரும்பகுதி வெப்பமாத்தான் போகுது. ஃபின்ல அடிக்கிற காத்து கூடினது வெறும் கால் பங்கு.

இப்போ 60 கி.மீ. கணக்கைப் போடுங்க. 600 கி.மீ.ல ஒன்பது நிறுத்தம், தலா 15 நிமிஷம், ரெண்டேகால் மணி நேரம். அதை ஈடுகட்ட 100ல முறுக்குறவன் 6 மணி ஓட்டம், ரெண்டேகால் மணி நிறுத்தம்னு எட்டேகால் மணி நேரத்துல போறான். 80ல சீரா போறவனுக்கு ஓட்டம் ஏழரை மணிதான். நடுவுல முக்கால் மணி நேரம் சாப்பிட்டாலும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்குத்தான் போய்ச் சேருவாங்க. ஓய்வு கொடுத்தவன் எஞ்சின்தான் வழிநெடுக அதிகச் சூட்டுல ஓடியிருக்கும்.

கியர்பெட்டி:
கணக்கு சரி. ரோடு கணக்கு கேட்டு ஓடாதே. டோல்கேட், ஊருக்குள்ள டிராஃபிக், ஹாஃப் கிளட்ச். அந்த கிளட்ச் பிளேட்டும் எஞ்சின் ஆயில்லதான் குளிக்குது, தேயுற சூடு முழுக்க அதே ஆயிலுக்கு. 80ல சீரா போறதுன்னு எழுதிட்டா ஆச்சா?

மலை ஏறுறதையும் சொல்லுங்க. வால்பாறைக்கு 40 வளைவு, உங்க கொல்லிமலைக்கு 70. முதல் கியர், ரெண்டாவது கியர், காத்தே கிடையாது.

கொல்லிமலை70:
மலைக்கு ஒத்துக்கிறேன். ஆனா அங்கயும் கி.மீ. கணக்கு உதவாது, வண்டி காட்டுற அறிகுறிதான் கணக்கு. நியூட்ரல் விழ மறுக்குது, கிளட்ச் பிடிக்கிற இடம் மாறுது, ஏத்தத்துல ஆக்சிலேட்டர் கொடுத்தா கண்ணாடிக் குடுவைல கோலி உருண்ட மாதிரி சத்தம் வருது. இதுல ஒண்ணு வந்தாலும் நிழல் பார்த்து நிறுத்தணும். நிறுத்துறதுக்கு முன்னாடி அரை கி.மீ. மெதுவா ஓட்டிட்டு நிறுத்தினா இன்னும் நல்லது. தண்ணி ஊத்தாதீங்க. சூடான ஃபின்ல தண்ணி பட்டா ஹெட் கோணும், விரிசல்கூட விடும்.

அந்தக் கோலிச் சத்தம் பெரும்பாலும் மேல் கியர்ல இழுக்கிறதால வர்றது. நாலாவதுல முக்கி முக்கி ஏறாம மூணாவது போடுங்க. ஆர்பிஎம் ஏறினா ஆயில் பம்ப்பும் வேகமா சுத்தும்.

சவுக்குத்தோப்பு:
அப்போ ஆயில்? கிளம்புறதுக்கு முன்னாடி மாத்தணுமா? கடைக்காரர் கார் ஆயிலே நல்லா இருக்கும், விலையும் குறைவுன்னார்.

ஒற்றைசிலிண்டர்:
கார் ஆயில் வேண்டாம். எரிபொருள் மிச்சப்படுத்தும் வகைக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. நனைந்த கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்ற தரக் குறியீடு) என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. உங்கள் எஞ்சினுக்கு 15டபிள்யூ-50 செமி சிந்தெடிக்.

பழைய ஆயிலோடு போகக்கூடாததற்குக் காரணம் அழுக்கு மட்டுமல்ல. 50 கிரேடு என்றால் 100 டிகிரியில் குறைந்தது 16.3 சென்டிஸ்டோக் பிசுக்கு. பைக்கில் கியரும் அதே ஆயிலில் சுற்றுவதால் பற்களுக்கு நடுவே ஆயிலின் பிசுக்கைக் காக்கும் பாலிமர் நசுங்கி உடைந்து, பல ஆயிரம் கி.மீ. ஓடியபின் அது 40 கிரேடு அளவுக்கு இளகிப்போகும். டப்பா என்ன சொன்னாலும் உள்ளே ஓடுவது அதுதான்.

கியர்பெட்டி:
இதுல சண்டை இல்ல. ஆனா கிளம்புற அன்னைக்குக் காலைல மாத்தாதீங்க. 200, 300 கி.மீ. முன்னாடியே மாத்தி ஓட்டிப் பாருங்க. ட்ரெய்ன் போல்ட் வாஷர்ல கசிவு இருந்தா ஊர்லயே தெரிஞ்சிடும். டாப்பெட்டும் (வால்வு இடைவெளி) அப்பவே சரிபார்த்துடுங்க. எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்ல நிக்கணும், கேப் புத்தகத்துல போட்ட அளவு. சத்தம் வரக்கூடாதுன்னு இறுக்கி வைக்கிற ஆளுங்க உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு சீட்ல உக்காராம எரிஞ்சு போறது அப்படித்தான். லேசா டிக் டிக்னு கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். ஜே சீரீஸுக்கு முந்தின யுசிஇ எஞ்சின் கிளாசிக்னா ஹைட்ராலிக் டாப்பெட், தானே சரிசெஞ்சுக்கும், கை வைக்க வேலையே இல்ல.

கொல்லிமலை70:
வழில ஆயில் லெவல் பார்க்கிறதையும் சேர்த்துக்கோங்க. பெட்ரோல் போட நிக்கிறப்பவே பார்க்கலாம். ஏர்கூல்டு சிங்கிள் வேகமா ஓடினா ஆயில் குடிக்கும். சமதரையில வண்டி நேரா நிக்கணும், ஆஃப் பண்ணி சில நிமிஷம் பொறுத்து எஞ்சின்ல இருக்கிற ஆயில் லெவல் கண்ணாடில பாருங்க. ஸ்டாண்ட்ல சாய்ச்சு வெச்சுப் பார்த்துட்டு "குறைஞ்சிருச்சு"ன்னு கால் லிட்டர் ஊத்துறவங்கதான் அதிகம். கூடினா கிராங்க் அடிச்சு நுரையாக்கும், பிரீதர் (எஞ்சின் மூச்சுவிடுற குழாய்) வழியா ஏர் ஃபில்டருக்குப் போகும். ஒரு தடவைக்கு 50 மி.லி., திரும்பப் பாருங்க. அதே கிரேடுல அரை லிட்டர் கையில இருக்கட்டும்.

செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் (மசகு), ஓடி முடிச்ச சூட்டுல, கீழ்ப்பக்கச் செயினோட உள்புறத்துல. டபுள்ஸ் போறீங்க, ஆள் உக்கார்ந்த பிறகும் செயின் தளர்வா இருக்கணும். இறுகினா கியர்பாக்ஸ் பேரிங் முதல்ல போகும்.

கியர்பெட்டி:
அப்போ பெட்ரோல் போட நிக்கிறீங்க, ஆயில் பார்க்க நிக்கிறீங்க, சில நிமிஷம் பொறுக்கவும் சொல்றீங்க. நான் சொன்ன நிறுத்தத்துக்குப் பேரை மாத்திட்டீங்க.

ஒற்றைசிலிண்டர்:
அந்த டேங்க் 13 லிட்டர், அண்ணே. 600 கி.மீ.க்கு இரண்டு தடவை நிரப்பினால் போதும். உங்கள் கணக்கில் ஒன்பது.

சவுக்குத்தோப்பு:
நிறுத்தம் நாலு வெச்சுக்கிறேன், இரண்டில் ஆயில் பார்க்கிறேன், 80ஐத் தாண்டலை. டபுள்ஸுக்குப் பின் டயர்ல எவ்வளவு காத்து?

கொல்லிமலை70:
செயின் கவர்ல, இல்லாட்டி புத்தகத்துல டபுள்ஸுக்குத் தனி அளவு போட்டிருக்கும். காலைல டயர் ஆறியிருக்கும்போது அடிங்க. மதியம் பங்க்ல சூட்டோட பார்த்துட்டு கூடியிருக்குன்னு இறக்கிடாதீங்க.