அப்பாவுக்குக் குடல்புண், காரணம் கிருமி என்கிறார்கள். 14 நாள் மாத்திரையை ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார்

கேள்வி: கோரையாற்று மகள்

வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம், கோரையாற்றங்கரை. அப்பாவுக்கு 61 வயது. பத்து மா சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மூன்று வாரத்துக்கு முன் நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.2. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபியில் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், சதை எடுத்துப் பார்த்ததில் எச். பைலோரி என்ற கிருமி பாசிட்டிவ்.

பான்டோபிரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் மூன்றும் காலை, இரவு என 14 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் சாப்பிட்டார். வாயெல்லாம் கசக்கிறது, காப்பி கூடச் செம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று முந்தாநாள் நிறுத்திவிட்டார். வலி போய்விட்டது, இனி எதற்கு என்கிறார். "அல்சர் என்பது நேரத்துக்குச் சாப்பிடாததால், காரத்தால் வருவது. அதில் கிருமி எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிருமிதான் காரணமா? பாதியில் விட்டால் என்ன ஆகும்?

பதில்: வெட்டாறு

பயப்படாதீர்கள். ஆங்கில மாத்திரையை விட்டுவிட்டுக் காலையில் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் கொடுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே பழைய சோற்றை வைத்துக் குடல் நோய்க்கு ஆராய்ச்சி நடத்தினார்கள், பேப்பரில் வந்தது. எங்கள் தாத்தா 88 வயது வரை அதைத்தான் சாப்பிட்டார்.

பதில்: பாபநாசம் அக்கா

தங்கச்சி, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அப்பாவை நாளைக்கே கூட்டிப் போங்கள். இரண்டு நாள் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். அதையே தொடர்வதா, முதலிலிருந்து ஆரம்பிப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். நீங்களாக எதையும் செய்ய வேண்டாம். அதற்குள் மலம் மறுபடி கருத்தாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி அப்பாவின் கேள்வி. நான் அரசு ஆஸ்பத்திரியில் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் சர்ஜரி வார்டு, கடைசிப் பதினொரு வருடம் எண்டோஸ்கோபி அறை. ஆனால் இந்த நோயை நான் முதலில் பார்த்தது என் வீட்டில்.

உங்கள் ஊர்ப் படித்துறையில் வயதானவர்கள் குளிக்கும்போது கவனித்துப் பாருங்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்க்கோடாக ஒரு தழும்பு சிலருக்கு இருக்கும். என் அப்பாவுக்கும் இருந்தது. 1978இல் அல்சருக்காக வயிற்றைக் கிழித்து, அமிலம் சுரக்கச் சொல்லும் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். வார்டில் அதை 'டிவி ஜிஜே' என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆபரேஷன் இல்லாத வாரமே கிடையாது. புண் ஆறியது உண்மை. ஆனால் அதற்கப்புறம் அப்பாவால் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் இரண்டு கவளம் உள்ளே போனதும் வேர்த்துக் கொட்டி, படபடத்து, திண்ணையில் படுத்துவிடுவார். சாப்பாடு இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் ஒரேயடியாக இறங்குவதால் வருவது அது. கண் பட்டுவிட்டது என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போடுவாள்.

நம் பக்கத்தில் இந்த நோய் ஏன் இவ்வளவு என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் என்ற வெள்ளைக்காரர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடம் சர்ஜனாக இருந்தார். இந்தப் புண்ணுக்கு ஏராளமாக ஆபரேஷன் செய்தவர், சாப்பாட்டில்தான் ஏதோ குறை என்று தேடினார். 1960களில் மல்கோத்ரா என்ற ரயில்வே டாக்டர், ரயில்வே ஊழியர்களை வைத்துப் பார்த்து, கோதுமை தின்னும் பஞ்சாபைவிட அரிசி தின்னும் தெற்கில் அல்சர் அதிகம் என்று எழுதினார். நன்றாக மென்று, எச்சில் கலந்து சாப்பிடுவது காக்கும் என்பது அவர் கணக்கு. உங்கள் அப்பா சொல்கிற காரமும் பட்டினியும் அந்தக் காலப் பேச்சின் மிச்சம்தான். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் வார்டு டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிருமியைப் பிடித்தது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். 1979இல் ராபின் வாரன் என்ற நோய்க்கூறு மருத்துவர், இரைப்பைச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது வளைந்த சின்னச் சின்னக் கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் கிருமி வாழாது என்று எல்லோரும் நம்பிய காலம். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்த சதையைத் தட்டில் வைத்து வளர்க்கப் பார்த்தார்கள். ஒன்றுமே முளைக்கவில்லை. காரணம், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கி எறிவது லேபில் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை யாரும் எடுக்கவில்லை. கூடுதல் நாள் கிடந்த தட்டில் கிருமி முளைத்திருந்தது. மெதுவாக வளரும் ஜாதி, அவ்வளவுதான். பொறுத்திருக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அதுவரை கண்ணில் படவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி நான்கே வருடம்.

அப்புறமும் யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் பார்த்தால் இரைப்பைச் சுவர் அழன்று போய், அதில் அதே கிருமி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

உங்கள் அப்பாவுக்குச் செய்த சோதனையை நான் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். இரைப்பையிலிருந்து அரிசி நொய் அளவு சதையைக் கிள்ளி எடுத்து மஞ்சள் மருந்தில் போடுவோம். அதில் யூரியா இருக்கும். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், மருந்து ரோஸ் நிறத்துக்கு மாறும். அமிலத்துக்குள் அது பிழைத்திருப்பதும் இந்த வித்தையால்தான். அம்மோனியாவால் தன்னைச் சுற்றிலும் அமிலத்தை முறித்துக்கொள்கிறது. ரத்தம் கசியும்போது இந்தச் சோதனை சில சமயம் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். அந்த நிலையிலும் பாசிட்டிவ் வந்திருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டாம்.

வலி போனது பான்டோபிரசோலால். அமிலம் குறைந்தது, வலி அடங்கியது. கிருமியைக் கொல்வது மற்ற இரண்டு மாத்திரையும்தான், அவற்றைப் பாதியில் விட்டதால் கிருமி இன்னும் உள்ளே இருக்கலாம். ஐந்து நாள் அடி வாங்கியும் சாகாமல் மிஞ்சுவதுதான் முரட்டுக் கிருமி. அது மறுபடி பெருகினால் இதே மாத்திரை அடுத்த முறை கேட்காமல் போகலாம், புண்ணும் திரும்ப வரலாம். ரத்தம் கசிந்த புண் திரும்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாய்க் கசப்பு கிளாரித்ரோமைசினால் வருவது. மருந்து முடிந்ததும் போய்விடும். பான்டோபிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் மற்ற இரண்டைச் சாப்பிட்ட உடனேயும் கொடுங்கள். எங்கள் நோயாளிகளில் பலர் ஒரு துண்டு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தார்கள். தாங்கவே முடியாவிட்டால் வேறு கூட்டு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

வெட்டாறு தம்பிக்கு ஒரு வார்த்தை. ஸ்டான்லியில் ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் அது கிரோன் நோய், பெருங்குடல் அழற்சி போன்ற நாள்பட்ட குடல் அழற்சிக்கு. எச். பைலோரிப் புண் வேறு நோய். பழைய சோறு நல்ல சாப்பாடு, நானும் தினம் சாப்பிடுகிறேன். ஒத்துக்கொண்டால் அவரும் சாப்பிடட்டும், மாத்திரையோடு. மாத்திரையை விட்டுவிட்டு என்று மட்டும் யாருக்கும் எழுதாதீர்கள் தம்பி. ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்.

இன்னொன்று கேட்க வேண்டும். முட்டி வலி, இடுப்பு வலி என்று அப்பா மாத்திரை ஏதாவது போடுவாரா?

பதில்: கோரையாற்று மகள்

அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தழும்பு என்றதும் "ஆமாம், எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

மாத்திரை போடுவார். நடவு நேரம் முழுக்க முட்டி வலிக்கு மெடிக்கலில் தினம் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார், சீட்டு எதுவும் கிடையாது. கத்தரித்த அட்டை சட்டைப் பையில் இருந்தது, பார்த்தேன், டைக்ளோஃபினாக். பல நாள் வெறும் வயிற்றில், டீயோடு. இதை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் நான்கு பேரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கிறோம், எல்லோரும் சோதிக்க வேண்டுமா?

பதில்: பாபநாசம் அக்கா

அந்த அட்டையை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இரைப்பைச் சுவர் மேல் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. அமிலம் சுவரைத் தின்னாமல் காப்பது அதுதான். அதைச் சுரக்கச் சொல்லும் பொருளை வலி மாத்திரை தடுத்துவிடும். கிருமி ஒரு பக்கம், இந்த மாத்திரை ஒரு பக்கம் என்றால் புண் ரத்தம் கக்காமல் என்ன செய்யும்? எங்கள் எண்டோஸ்கோபி அறைக்கு நடவும் அறுப்பும் முடிந்த வாரங்களில் இப்படி வந்தவர்கள் நிறைய. வெறும் வயிற்றில் போட்டதால்தான் இப்படி, சாப்பிட்டுப் போட்டால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் கலந்தபின் வேலை செய்வது அது, ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். இனி முட்டிக்கு என்ன போடலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

வீட்டில் எல்லோரும் பதற வேண்டாம். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிருமி இருக்கும், பெரும்பாலும் சின்ன வயதிலேயே குடும்பத்துக்குள் தொற்றுவது. அதில் சிலருக்குத்தான் புண் வரும். யாருக்காவது நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி, ரத்தசோகை இருந்தாலோ, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். மூச்சை ஊதும் சோதனை அல்லது மலச் சோதனை. அதற்கு இரண்டு வாரம் முன் பான்டோபிரசோலை நிறுத்தினால்தான் முடிவு சரியாக வரும், ஆனால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் பார்க்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கிருமி செத்த பிறகும் அது பல மாதம் பாசிட்டிவ் காட்டும்.

பதில்: வடுவூர் ஏரிக்கரை

எனக்கு இது வந்து ஆறு வருடம் ஆகிறது. 14 நாளில் ஒன்பதாம் நாள்தான் ரொம்பக் கஷ்டம், அன்று மட்டும் தாண்டினால் போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். எனக்கு முதல் மருந்து கேட்கவில்லை, மலச் சோதனையில் தெரிந்தது. இரண்டாவது கூட்டில் பிஸ்மத் இருந்தது. அதில் மலம் கருப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துபோய் நள்ளிரவில் மன்னார்குடிக்கு ஓடினேன். அப்படி மருந்து மாற்றினால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதில்: வெட்டாறு

அக்கா சொன்னது சரி. நான் செய்தியைப் பாதி படித்துவிட்டு எழுதிவிட்டேன். மன்னிக்கவும் தங்கச்சி.

பதில்: கோரையாற்று மகள்

போய்வந்தோம். டைக்ளோஃபினாக் அட்டையைக் காட்டினேன், டாக்டர் அதை வாங்கிக் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டார். முதலிலிருந்து 14 நாள், இந்த முறை நான்கு வகை மருந்து, பிஸ்மத்தும் இருக்கிறது. கருப்பாகப் போகும் என்று நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். தார் மாதிரி பிசுபிசுவென்று, நாற்றத்தோடு போனாலோ தலை சுற்றினாலோ உடனே வரச் சொன்னார்.

தினசரி காலண்டரில் 14 தாளிலும் அப்பாவே பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். இன்று நான்காவது தாளைக் கிழித்தார். வாய் கசக்கிறதாம். அம்மா நெல்லிக்காய் வாங்கி உப்பில் போட்டு வைத்திருக்கிறாள்.