ஒரே முறை வரும் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

மதுரையிலிருந்து:

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான ஆமோசின் நூலுக்கான ஆய்வுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும், ஆனால் ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. எபிரேயத் திருமறை முழுவதிலும் ஒரே முறை வருகின்ற சொல்லை மேலைநாட்டு உரைகாரர்கள் கிரேக்கப் பெயரால் 'ஹாபக்ஸ் லெகோமெனான்' என்பார்கள். 'ஒருகால் சொல்லப்பட்டது' என்பது அதன் பொருள். என் வரைவில் 'அரிய சொல்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில், 'அரிய என்றால் எத்தனை முறை?' என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதுதான்.

இடத்தைச் சொல்கிறேன். ஆமோஸ் 7:14இல் அவர் தம்மைக் 'காட்டத்திப்பழங்களைப் பொறுக்குகிறவன்' என்று அறிமுகம் செய்துகொள்வதாகப் பழைய மொழிபெயர்ப்பில் படித்திருப்பீர்கள். அங்கே 'பொறுக்குகிறவன்' என்று பெயர்க்கப்பட்ட 'போலேஸ்' என்ற எபிரேயச் சொல் வேறெங்கும் வருவதில்லை. கிரேக்கத்தில் பெயர்த்த பழைய யூதர்கள் அதைக் 'கீறுகிறவன்' என்று கொண்டார்கள். அந்த அத்திக்காயை இரும்பால் கீறிவிடாவிட்டால் பழுக்காது என்றும், கீறினால் நான்காம் நாள் பழுக்கும் என்றும் பழைய கிரேக்கத் தாவர நூலார் தியோபிராஸ்டஸ் எழுதிவைத்திருப்பது அவர்களுக்குத் துணை நிற்கிறது. பொறுக்கினாரா, கீறினாரா என்ற இத்தனை வழக்கும் அந்தச் சொல் ஒரே முறை வந்ததால்தான் எழுகிறது என்பதை வாசகருக்கு ஒரு சொல்லில் உணர்த்தியாக வேண்டும். உதவுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

மதுரை நண்பருக்கு வணக்கம். விடை தொல்காப்பியரிடமே இருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்? சொல்லதிகாரத்தின் முதல் இயலுக்குப் பெயர் கிளவியாக்கம். கிளத்தல் என்றால் சொல்லுதல், கிளக்கப்பட்டது கிளவி. கிரேக்கத்தில் 'லெகோமெனான்' என்பதும் சொல்லப்பட்டதே. ஆகவே 'ஒருகாற்கிளவி' என்றால் கிரேக்கத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் ஒவ்வோர் உறுப்பு நேராக அமைந்துவிடுகிறது. இத்தனை இயல்பான பொருத்தம் கலைச்சொல்லாக்கத்தில் எளிதில் வாய்ப்பதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

> ஒருகாற்கிளவி

ஐயா, உங்கள் புலமையை வணங்குகிறேன். ஆனால் நான் இறையியல் மாணவர்களுக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டியவன். ளகரமும் ழகரமும் எங்கள் வகுப்பறையில் என்ன பாடு படும் என்பதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். முதல் நாளே பின்வரிசையில் ஒருவன் 'ஒருகால் கிழவி' என்று குறிப்பேட்டில் எழுதுவான். அதன் பிறகு ஆமோசை அந்த அறைக்குள் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது. 'தனிச்சொல்' போதாதா?

கும்பகோணத்திலிருந்து:

போதாது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் நான்காவதாக நிற்கும் சீர் தனிச்சொல். கலிப்பாவின் உறுப்புகளில் ஒன்றும் தனிச்சொல். யாப்பிலக்கணம் எடுத்துக்கொண்டுவிட்ட பெயர் அது. 'தனிமொழி' என்று யாரேனும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதை இலக்கணம் தொடர்மொழிக்கு எதிராக வைத்துவிட்டது. 'ஒருவழிச் சொல்' என்றால் அகப்பொருள் படித்தவருக்கு ஒருவழித் தணத்தல் நினைவுக்கு வரும். மற்றவருக்குப் போக்குவரத்துக் காவலர் நினைவுக்கு வருவார்.

மாணவர்களின் உச்சரிப்புக்கு அஞ்சிக் கிளவியை விடுவதென்றால், நாளை எதை எதை விடப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சென்னையிலிருந்து:

இந்த விவாதமே தேவையா என்று தோன்றுகிறது. 'ஹாபக்ஸ்' என்றே எழுதி, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் முடிந்தது. இந்த நூலைப் படிக்கப்போகிறவர்கள் அடுத்ததாக ஆங்கில உரைகளைப் படிக்கப்போகிறவர்கள்தானே? அங்கே இந்தச் சொல்லைத்தான் பார்ப்பார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லாரும் ஆங்கில உரைகளுக்குப் போவதில்லை. என் மாணவர்களில் பாதிப்பேர் கிராமச் சபைகளுக்குப் போகிறார்கள். அங்கே ஞாயிறு ஆராதனையில் 'ஹாபக்ஸ்' என்றால் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். நான் எபிரேயம் ஓரளவு கற்றவள். கிரேக்கப் பெயரைத் தமிழாக்குவதற்கு முன்னால், அந்த நூலைக் காத்தவர்கள் இதை எப்படிக் குறித்தார்கள் என்று பார்ப்பது நல்லதென்று நினைக்கிறேன். மசோரா மரபின் எழுத்தர்கள், அதாவது எபிரேய மூலத்தைப் பிழையின்றிப் படியெடுத்துக் காத்த யூதர்கள், திருமறையின் ஒவ்வொரு சொல்லையும் எண்ணியவர்கள். ஒரு வடிவம் வேறெங்கும் வராவிட்டால் அந்தச் சொல்லின் மேல் ஒரு சிறு வட்டமிட்டு, நேரே ஓரத்தில் 'லாமெத்' எழுத்தை எழுதி அதன் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். 'லேத்' என்ற அரமேயச் சொல்லின் சுருக்கம் அது. 'இல்லை' என்று பொருள். இன்னொன்று இல்லை என்பதுதான் செய்தி. 1008ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடி என்னும் எபிரேயத் திருமறைப் படியின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் இந்தப் புள்ளியிட்ட எழுத்துகள் கண்ணில் படும்.

பின்வந்த உரையாசிரியர்கள், இப்னு எஸ்ரா போன்றோர், இத்தகைய சொல்லை 'அதற்குத் தோழன் இல்லை' என்று சொல்லிவிட்டுப் பொருள் தேடுவார்கள். எனக்கு அந்தத் தொடரில் தனிப் பிரியம் உண்டு. தமிழில் 'துணையிலி' என்றோ 'இணையிலி' என்றோ சொல்லிப் பார்க்கலாம். எண்ணிலி என்பதைப் போல இலி ஈறு நமக்கு இயல்பாக வருகிறது.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா தந்த செய்திக்கு நன்றி. அந்தப் புள்ளியிட்ட எழுத்து என்னைத் தூங்கவிடவில்லை. இருந்தாலும் இணையிலி என்பது இறைவனுக்கு ஆகிவந்த சொல். 'தனக்குவமை இல்லாதான்' என்ற குறளைப் படித்த காது அதில் புகழ்ச்சியைத்தான் கேட்கும். துணையிலி என்றாலோ பரிதாபம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்து அம்மையார் உரையாசிரியர்களை நினைவூட்டியதால் ஒன்று சொல்கிறேன். 'பயிலா தவற்றைப் பயின்றவை சார்த்தி'ப் பொருள் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பிய உரியியலின் முதல் நூற்பா. எபிரேயத்தில் பத்தாம் நூற்றாண்டில் யூத அறிஞர் சாதியா காவோன் செய்தது இதையேதான். திருமறையில் துணையின்றி நிற்கும் எழுபது சொற்களுக்கு என்று ஒரு நூல் எழுதி (உள்ளே எழுபதுக்கு மேலும் உண்டு), யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பயின்று வரும் எபிரேயத்தைச் சார்த்தி அவற்றுக்குப் பொருள் கண்டார். ஆகவே கிளவி வேண்டாமென்றால் 'பயிலாச்சொல்' என்று வையுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பயிலாச்சொல் என்பதில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு நூலில் ஒரே முறை வருவது வேறு, மக்களுக்குப் பழக்கமில்லாதது வேறு. திருக்குறளில் நெருஞ்சி ஒரே ஒரு குறளில்தான் வருகிறது, 'மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்' என்று. வெறுங்காலோடு வரப்பில் நடந்தவர் எவருக்கேனும் நெருஞ்சி பயிலாத சொல்லா? எபிரேயத்திலும் அன்றாடம் வீட்டில் புழங்கிய எத்தனையோ சொற்களைத் தீர்க்கதரிசிகள் ஒரே முறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். குறை நமக்குக் கிடைத்த நூலின் அளவில் இருக்கிறது. நம் பெயர் எண்ணிக்கையை மட்டுமே சொல்ல வேண்டும், பொருளின் கடினத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அருஞ்சொல், அரும்பதம் இரண்டும் இதே காரணத்தால் விழுந்துவிடுகின்றன.

இன்னொன்று. எபிரேயத் திருமறையில் ஒரே முறை வருபவை ஏறத்தாழ 1,500 என்றும், அவற்றுள் வேறெந்தச் சொல்லோடும் வேர் உறவு காட்ட முடியாதவை 400 அளவில்தான் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அம்மையார் சொன்ன புள்ளியிட்ட எழுத்தோ சொல்லை எண்ணுவதில்லை, வடிவத்தை எண்ணுகிறது. நன்கு தெரிந்த வினை ஒன்று ஒரு விகுதியோடு ஒரே முறை வந்தாலும் அதற்கும் அந்தக் குறி கிடைத்துவிடும். ஆக, நமக்கு வேண்டியது மூன்று பெயர்கள்: ஒருமுறை வடிவம், ஒருமுறைச் சொல், ஒருமுறை வேர். அழகில்லைதான். ஆனால் ஒன்றைக் கற்றவருக்கு மற்ற இரண்டும் தாமே விளங்கிவிடும்.

திருச்சியிலிருந்து:

திருமறையில் அருகி வரும் சொல் என்றதும் கால்டுவெல் ஐயரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கீம்' நம் தோகைதான் என்று 1856இலேயே அவர் எடுத்துக்காட்டினார். 'அகாலிம்' நம் அகில். அப்படியிருக்க, 'போலேஸ்' என்பதும் நம் 'பொளித்தல்' என்பதும் ஒன்றாக இருக்கக் கூடாதா? பொளிதல் என்றால் கொத்துதல், துளைத்தல். அத்திக்காயைப் பொளிபவன் போலேஸ்! பொருளும் ஒலியும் இத்தனை அருகில் வரும்போது...

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பொறுத்தருள்க. துக்கீமுக்கு ஒரு கப்பல் இருக்கிறது. மயில் கடல் கடந்து வந்த பொருள், பெயரும் அதோடு வந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. அதிலும் எகிப்திய மொழியின் குரங்குப் பெயரோடு இணைத்து, அது மயிலே இல்லை என்பாரும் உண்டு. ஆனால் ஆமோசைப் போலத் தெக்கோவாவில் ஆடு மேய்த்த ஒருவர் அத்திக்காயைக் கீறுவதற்குத் தமிழகத்திலிருந்து வினைச்சொல் இறக்குமதி செய்யத் தேவையில்லை. அத்திக்கு அரபியிலும் எத்தியோப்பிய மொழியிலும் 'பலஸ்' என்று பெயர் இருக்கிறது. உறவினர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஆனாலும் துக்கீம் நம் விவாதத்துக்கு உதவுகிறது. அது முதலாம் இராஜாக்கள் 10:22இலும் இரண்டாம் நாளாகமம் 9:21இலுமாக இரண்டு முறை வருகிறது. இரண்டாவது இடம் முதல் இடத்தின் மறுபதிவே. இதை ஒருமுறைச் சொல் என்பதா, இருமுறைச் சொல் என்பதா? ஆமோசிலேயே இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 7ஆம் அதிகாரத்தில் 'தூக்குநூல்' என்று பெயர்க்கப்பட்ட 'அனாக்' இரண்டே வசனங்களுக்குள் நான்கு முறை வருகிறது. அதற்கு வெளியே திருமறையில் எங்கும் இல்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டு என்பது நெடுநாள் மரபு. அக்காடிய மொழியின் 'அன்னாக்கு' வெள்ளீயத்தைக் குறிக்கும் என்று தெளிவானபின், கர்த்தர் வெள்ளீயச் சுவரின் மேல் நின்றார் என்று படிப்பவர்கள் பெருகினார்கள். நான்கு முறை வந்தும் ஒன்றுக்கொன்று உதவாத அந்தச் சொல்லின் பாடு, ஒரே முறை வந்த சொல்லின் பாடேதான். ஆகவே முறையை எண்ணாமல் இடத்தை எண்ணுங்கள். 'ஓரிடச் சொல்' என்பது என் முடிபு.

கோயம்புத்தூரிலிருந்து:

ஓரிடச் சொல் என்றால் வட்டாரச் சொல் என்று கொள்ளமாட்டார்களா? நெல்லையில் மட்டும் வழங்கும் சொல்லை நான் அப்படித்தான் அழைப்பேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

வகுப்பில் இன்று சோதித்தேன். 1 சாமுவேல் 13:21ஐ எடுத்துக்கொண்டேன். அங்கே வரும் 'பீம்' வேறெங்கும் இல்லாத சொல். என்னவென்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளர்கள் இரும்பைத் தீட்டும் அரம் என்றார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் 'அரங்கள்' என்றே இருக்கிறது. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் அதே மூன்று எழுத்துகள் பொறித்த சிறு எடைக்கற்கள் அகழ்வுகளில் கிடைத்தன. அரைக்கோளம் போன்றவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.8 கிராம், சேக்கல் என்ற பழைய எடையில் மூன்றில் இரண்டு பங்கு. கொழுவைத் தீட்டித் தருவதற்குப் பெலிஸ்தர் வாங்கிய கூலி ஒரு பீம் என்று ஆயிற்று. அரம் ஒரே நாளில் காசாகிவிட்டது.

கதையைச் சொல்லி முடித்து, இப்படிப்பட்ட சொல்லை எப்படி அழைக்கலாம் என்று கேட்டேன். ஒரு மாணவி சற்றும் யோசிக்காமல், 'ஒரு தடவை வந்த சொல்தானே சார்?' என்றாள். கிளவியும் துணையிலியும் கரும்பலகையில் இருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

வகுப்பறை வாக்கெடுப்பில் தொல்காப்பியர் தோற்பது எனக்குப் புதிதன்று. 'ஒருமுறைச் சொல்' என்றே வைக்கப்போகிறீர்கள் என்றால் சகர ஒற்றையாவது விடாமல் போடுங்கள். 'ஒருமுறை சொல்' என்று அச்சாகிவிட்டால், மறுபடி ஒருமுறை சொல்லும்படி வாசகரை ஏவுவதாகிவிடும்.

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. கோயம்புத்தூர் நண்பரின் மூன்று பெயர்களையும் எடுத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையாரும் வேறு இருவரும் தனிமடலில் அதையே சொன்னார்கள். முன்னுரையில் மசோரா எழுத்தரின் புள்ளியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். 'போலேஸ்' வருமிடத்தில் 'காட்டத்திக் காய்களைக் கீறுகிறவன்' என்று எழுதி, அடிக்குறிப்பில் பழைய 'பொறுக்குகிறவனையும்' வைத்துக்கொண்டேன். சகர ஒற்று எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வாழ்த்துகள். ஆனால் உங்கள் உரை 7ஆம் அதிகாரத்துக்கு வரும்போது 'அனாக்' நான்கு முறை வந்து நிற்கும். அதை ஒருமுறைச் சொல் என்று எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

மதுரையிலிருந்து:

'இப்பகுதியில் மட்டும் வரும் சொல்' என்று எழுதி நகர்ந்துவிட்டேன், அம்மா.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அதற்குத்தான் ஓரிடச் சொல் என்றேன்.