இனிஷியல் டி தகுமி: ஐஎஸ்டிபியா, ஐஎஸ்எஃப்பியா?

மலைப்பாதை எழுதியது:

மலைச்சாலை கார் ரேஸ் கதையான இனிஷியல் டியின் நாயகன் தகுமி புஜிவாரா என்றதும் எல்லாரும் யோசிக்காமல், ஆளுமையைப் பதினாறு டைப்பாகப் பிரிக்கும் எம்பிடிஐயில் ஐஎஸ்டிபி என்று போட்டுவிடுகிறார்கள். அமைதியான பையன், முகத்தில் எதுவும் தெரியாது, கார் ஓட்டினால் அசுரன். அவ்வளவுதான் காரணம். எனக்கு இது ஒப்பவே இல்லை. ஷிகெனோவின் இந்த மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1995இல் தொடங்கி 2013 வரை வந்தது. அதில் முதல் பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற முறையில் என் வாதத்தை இங்கே வைக்கிறேன்.

முதலில் ஸ்டாக்கை, அதாவது ஒவ்வொரு டைப்பிலும் மனதின் ஃபங்ஷன்கள் நிற்கும் வரிசையைப் பார்ப்போம். ஐஎஸ்டிபிக்கு உள்நோக்கிய சிந்தனை முதலில், வெளிநோக்கிய புலனுணர்வு அடுத்து, அப்புறம் உள்நோக்கிய உள்ளுணர்வு, கடைசியில் வெளிநோக்கிய உணர்ச்சி. அதாவது டிஐ, எஸ்இ, என்ஐ, எஃப்இ. ஐஎஸ்எஃப்பிக்கு எஃப்ஐ (உள்நோக்கிய உணர்ச்சி), எஸ்இ, என்ஐ, டிஇ (வெளிநோக்கிய சிந்தனை). நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றுதான். அதனால் அகினா மலையில் அவன் காரைச் சறுக்கவிட்டு டிரிஃப்ட் அடிக்கும் அழகைக் காட்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அது எஸ்இ. இரண்டு டைப்புக்கும் பொது. பார்க்க வேண்டியது இரண்டு முனைகளையும்தான்: எதற்காகக் காரில் ஏறுகிறான், ஓட்டியதை எப்படி விளக்குகிறான்.

எதற்காக ஏறுகிறான்? நண்பன் இட்சுகி ஆசை ஆசையாக வாங்கிய 85ஐ (தகுமி ஓட்டும் டொயோட்டா 86இன் வலு குறைந்த மாடல்) நைட் கிட்ஸ் என்ற ரேஸ் குழு ஆட்கள் கேலி செய்கிறார்கள். இட்சுகி கூனிக் குறுகி நிற்கிறான். தகுமி ஸ்டியரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சோப்ளாங்கி காரிலேயே அவர்களைத் துரத்திப் பிடித்துக் கடந்து போகிறான். ஃபுட்பால் கிளப்பில் ஒரு சீனியர் அவன் பள்ளித் தோழி நட்சுகியைப் பற்றிக் கேவலமாகப் பேசியபோது கையை ஓங்கினான். பென்ஸ் காரில் வரும் ஆளுடன் நட்சுகியைப் பார்த்த பிறகு நேராக அகாகி மலைக்குப் போய் கியோய்ச்சி என்ற ரேஸரின் எவோ 3 காருடன் மோதி, 86இன் இன்ஜினையே இழந்தான். எல்லா இடத்திலும் முதலில் ஏதோ ஒன்று அவனை உள்ளே சுடுகிறது. அதற்கப்புறம்தான் வண்டி நகர்கிறது.

சரி, எப்படி விளக்குகிறான்? விளக்குவதே இல்லை. தான் வருடக்கணக்கில் ஓட்டும் காரின் பெயர் 86 என்பதே கதை தொடங்கும்போது அவனுக்குத் தெரியாது. பின்னால் ட்ரூனோ என்று எழுதியிருப்பது மட்டும் தெரியும். டிஐ முதலிடத்தில் இருப்பவன் அஞ்சு வருடம் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி இருப்பானா? இந்த ஃபங்ஷன் கணக்கில் ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

பிஸ்டன் எழுதியது:

நல்ல வாதம் சகோ, ஆனால் டிஐ பற்றிய புரிதலில் எனக்கு உடன்பாடு இல்லை. மாடல் பெயரும் குதிரைத்திறனும் தெரிந்து வைப்பது டிஐ ஆகாது. இட்சுகிக்கு எல்லாப் பெயரும் தெரியும், அவனை யாராவது டிஐ என்பார்களா? உள்ளுக்குள் தனக்கென ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதுதான் டிஐ. கெய்சுகே என்ற ரேஸரின் ஆர்எக்ஸ்-7 காருடன் நடந்த போட்டியை எடுங்கள். ஐந்து ஹேர்பின் வளைவுகள் வரிசையாக வரும் இடத்தில் உள்பக்கச் சக்கரங்களைச் சாலையோர வடிகாலுக்குள் இறக்கிவிடுகிறான். கார் வெளியே தூக்கியடிக்கப் பார்க்கும்போது காங்கிரீட் விளிம்பு சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. விசை எங்கே போகிறது என்ற கணக்கு இல்லாமல் இது தோன்றுமா?

அந்தப் போட்டிக்கு அவன் வந்த காரணமும் பாருங்கள். நட்சுகியுடன் கடற்கரைக்குப் போகக் கார் வேண்டும். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுத் தருகிறேன் என்றார் அப்பா. வந்தான், ஜெயித்தான். இதில் என்ன உள்ளே சுட்டது? நீங்கள் சொன்ன கோபங்கள் எல்லாம் இன்ஃபீரியர் எஃப்இ, அதாவது வரிசையில் கடைசியில் இருக்கும் எஃப்இ, வெடிப்பது. ஐஎஸ்டிபிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை இப்படித்தான் வெடிப்பார்கள்.

அதிகாலை எழுதியது:

நீங்கள் இருவருமே எஸ்இ என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள், எனக்கு அங்கேயே சந்தேகம். ஏழாம் வகுப்பிலிருந்து தினமும் விடியுமுன் ஒரே மலை, ஒரே சாலை, ஒரே டோஃபு டெலிவரி. டோஃபு உடையக் கூடாது என்று அப்பா புன்டா கப்பில் தண்ணீர் ஊற்றி வைப்பார், அது சிந்தாமல் ஓட்ட வேண்டும். பழகிய அனுபவத்தை அடுக்கி அடுக்கிச் சேர்த்து வைப்பது எஸ்ஐ (உள்நோக்கிய புலனுணர்வு) அல்லவா? அது முதலில் வரும் ஐஎஸ்எஃப்ஜே ஏன் இல்லை?

மலைப்பாதை எழுதியது:

அதிகாலை, பயிற்சி எப்படிக் கிடைத்தது என்பதை வைத்து ஃபங்ஷனைச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். அந்த டோஃபு வேலை அப்பா கொடுத்தது, அவன் தேடிப் போனதில்லை. அம்மாவிடம் சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் கண் அளவுதான் என்பார். முப்பது வருடப் பழக்கம் அது, எந்த டைப் அம்மாவுக்கும் வரும். பழகிய வழி அடைபடும்போது என்ன செய்கிறான் என்று பாருங்கள், அங்கேதான் ஃபங்ஷன் தெரியும்.

அதற்கு ஷிங்கோ என்ற ரேஸருடனான கம் டேப் போட்டிதான் சாட்சி. வலது கையை ஸ்டியரிங்கோடு டேப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். கையை மாற்றிப் பிடித்துச் சுற்ற முடியாது, ஸ்டியரிங்கைப் பெரிதாகத் திருப்பவும் முடியாது. அஞ்சு வருடமாக உடம்பில் ஏறிய அகினா சாலை அன்றைக்கு அவனுக்கு உதவவில்லை, முதல் சில வளைவுகளில் தடுமாறுகிறான். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பியே காரைச் சறுக்கவிடும் வழியைப் பிடித்துவிடுகிறான். எதிரே இருப்பதை அந்தக் கணத்தில் அப்படியே வாங்கிக்கொண்டு கையாள்வது எஸ்இ. நிறுத்தி யோசிக்கவில்லை, பழையதைத் தேடவும் இல்லை.

பிஸ்டன், வடிகால் விஷயத்துக்கும் என் பதில் இதுதான். அந்த விசைக் கணக்கை நீங்கள் சொல்கிறீர்கள், பார்வையாளர்களுக்கு மற்றவர்கள் சொல்கிறார்கள். தகுமி சொல்வதில்லை. புது இன்ஜின் வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 11,000 ஆர்பிஎம் வரை போகும் ரேஸ் இன்ஜின். அதற்கு ஏற்ற டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இல்லாமல் ஓட்டிவிட்டு, வண்டி சரியில்லை என்று முகம் வாடிப்போகிறான். என்ன குறை என்று சொன்னது இன்னொரு ரேஸரான வதாரு அகியாமா. டிஐ முதலில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி இவனுக்குள்ளேயே எழுந்திருக்கும்.

நெய்விளக்கு எழுதியது:

ஒரு பக்கக் குறிப்பு. ஐஎஸ்டிபி எப்படி இருப்பார் என்று பார்க்க இதே வீட்டில் ஆள் இருக்கிறார், புன்டா. இன்ஜினை மாற்றுவார், மகனிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், அவனே கண்டுபிடிக்கட்டும் என்று சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பார். கெய்சுகேயின் அண்ணன் ரியோசுகே இன்னொரு கோடி: மருத்துவம் படித்துக்கொண்டே பொதுச்சாலை அதிவேகக் கோட்பாடு என்று ஒன்றை எழுதி, ப்ராஜெக்ட் டி என்ற ரேஸ் குழு முழுவதையும் அதற்காக நடத்துகிறவர். என்ஐயும் டிஇயும் அப்பட்டமாகத் தெரிகிறது. இவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் தகுமியிடம் எந்தக் கோட்பாடும் இல்லை என்பது பளிச்சென்று தெரிகிறது. டிஇ கடைசியில் இருப்பவனுக்கு ரியோசுகே மாதிரி ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு நிம்மதி! ப்ராஜெக்ட் டியில் அவன் வளர்வதற்குக் காரணமே இதுதான் என்பேன்.

பிஸ்டன் எழுதியது:

புன்டா உதாரணம் என்னை யோசிக்க வைக்கிறது. ஆனாலும் எஃப்இ வெடிப்பையும் எஃப்ஐயையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே கோபம்தானே.

மலைப்பாதை எழுதியது:

யாருக்காகக் கோபம், எவ்வளவு நாள் நிற்கிறது என்று பார்ப்பேன். இன்ஃபீரியர் எஃப்இ வெடித்தால் ஒரு நாளில் அடங்கிவிடும். அடங்கியதும் மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ என்ற கூச்சம் வரும். தகுமிக்கு அந்தக் கூச்சம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ரியோசுகே ப்ராஜெக்ட் டிக்கு அழைக்கிறார். எந்தப் பையனும் அந்த நிமிடமே சரி என்று சொல்லியிருப்பான். இவன் பதிலைத் தள்ளிப்போட்டுவிட்டு, தன்னைத் தோற்கடித்த கியோய்ச்சியின் இடமான இரோஹாசகாவுக்குத் தனியாகக் கிளம்பிப் போகிறான். யாரும் போகச் சொல்லவில்லை. அந்தத் தோல்விக்காக யாரும் அவனைக் குறை சொல்லவும் இல்லை. இன்ஜின் வெடித்த இரவில் தான் எந்த மனநிலையில் ஓட்டினான் என்பது அவனுக்குத் தெரியும், அதைத் தன் மட்டில் நேர் செய்யாமல் அடுத்த அடி வைக்க அவனால் முடியவில்லை. கோபம் ஆறி வெகுநாள் கழித்தும் இருக்கிற இந்தக் கணக்கு எஃப்ஐயின் கணக்கு.

பெட்ரோலுக்காக வந்த போட்டி பற்றி நீங்கள் சொன்னது சரிதான், அங்கே எஃப்ஐ எதையும் தொடவில்லை. அதனால்தான் அன்றைக்கு ஜெயித்தும் அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.