சுஷிமா தீவில் முதல் முறை: எப்படி ஆடுவது?

கேள்வி:

வணக்கம். இதுவரை கால்பந்து, கார்ப் பந்தய வீடியோ ஆட்டங்களை மட்டுமே ஆடிப் பழகிய நான், சென்ற வாரம் ஜப்பானின் சுஷிமா தீவில் மங்கோலியப் படையெடுப்பின்போது நடக்கும் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற வீடியோ ஆட்டத்தைத் தொடங்கினேன். கொமோடா கடற்கரைப் போர் முடிந்து, பாலத்தில் மங்கோலியத் தளபதி கோட்டுன் கானிடம் நாம் இயக்கும் சாமுராய் வீரன் ஜின் தோற்றது வரை கதை என்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது. தீவு முழுவதும் திறந்துவிடப்பட்ட பிறகு எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. மூன்று மங்கோலியர் சேர்ந்து வந்தாலே, தடுக்கும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு நின்று உயிரை விடுகிறேன். முதன்மைக் கதையை முடித்துவிட்டுத்தான் தீவைச் சுற்ற வேண்டுமா? சண்டையை எப்படிப் பழகுவது? இதில் காட்டப்படும் வரலாறு எவ்வளவு தூரம் உண்மை?

பதில் 1:

முதன்மைக் கதையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். கைக்கருவியின் தொடுபலகையில் விரலை மேல்நோக்கி இழுத்தால் காற்று வீசி, நீங்கள் குறித்த இடத்தின் திசையைப் புற்களும் இலைகளும் காட்டும். வரைபடத்தை அடிக்கடி திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட இதுவே போதும். வழியில் பொன்னிறப் பறவை பறந்தால் அதன் பின்னே செல்லுங்கள். அது அழைத்துச் செல்லும் வெந்நீர் ஊற்றில் குளித்தால் உயிர்வலிமையின் அளவு கூடும், மூங்கில் வெட்டும் பயிற்சியை முடித்தால் மன உறுதியின் அளவு கூடும். காயத்தை ஆற்றிக்கொள்ள அந்த மன உறுதியைத்தான் செலவிட வேண்டும் என்பதால், இப்படி ஊர் சுற்றுவது நேர விரயம் அன்று. உங்களைப் போல் சண்டையில் தடுமாறுகிறவர்களுக்கு இதுதான் முதல் மருந்து.

பதில் 2:

சண்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தடுக்கும் பொத்தானை அழுத்தியபடியே நிற்பதுதான் உங்கள் தவறு; நானும் முதல் சில நாட்கள் அதைத்தான் செய்தேன். எதிரியின் ஆயுதத்தில் நீல ஒளி மின்னினால், வெட்டு வந்து சேரும் நொடியில் பொத்தானை அழுத்தித் தட்டிவிட வேண்டும். சிவப்பு ஒளி மின்னினால் தடுக்கவே முடியாது, விலகித்தான் ஆக வேண்டும். ஆகவே கண் உங்கள் வாளில் இருக்கக் கூடாது, எதிரியின் ஆயுத முனையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வாள் நிலைகள், அதாவது எதிரிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வாள்வீச்சு முறைகள். கல் நிலை வாள்வீரர்களுக்கு, நீர் நிலை கேடயம் ஏந்தியவர்களுக்கு, காற்று நிலை ஈட்டிக்காரர்களுக்கு, சந்திர நிலை பருத்த உடல்கொண்ட முரடர்களுக்கு. கல் நிலை தொடக்கத்திலேயே கைவசம் இருக்கும். மற்றவற்றை மங்கோலியத் தலைவர்களைக் கொன்றோ, அவர்கள் பயிற்சி செய்வதை மறைந்திருந்து கவனித்தோ கற்க வேண்டும். பலர் முகாமுக்குள் நேராகப் பாய்ந்து கொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் உயர்ந்த புல்லுக்குள் பதுங்கித் தலைவனைக் கவனித்துவிட்டு, பிறகு கொன்றால் ஒரே ஆளிடமிருந்து இருமுறை கற்றுக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் கடினமாக இருந்தால் ஆட்டத்தின் கடினத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை.

பதில் 3:

வரலாற்றைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. 1274இல் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் அனுப்பிய படை சுஷிமாவைத் தாக்கியதும், சோ சுகேகுனி என்ற தலைவர் ஏறத்தாழ 80 குதிரை வீரர்களுடன் கொமோடாவில் எதிர்த்து நின்று மடிந்ததாகச் சொல்லப்படுவதும் வரலாறு. ஜின் சகாய், அவன் மாமா ஷிமுரா பிரபு, கோட்டுன் கான் ஆகியோர் கற்பனைப் பாத்திரங்கள். ஆட்டத்தில் நீண்ட போராட்டமாக விரியும் கதைக்கு மாறாக, உண்மையில் தீவு விரைவிலேயே வீழ்ந்தது; படை இகி தீவையும் தாக்கி, ஹகாட்டா விரிகுடா வரை சென்று பின்வாங்கியது. 1281இல் மறுபடியும் வந்தது.

ஆட்டத்தில் வரும் கானேடா கோட்டை உண்மையில் உண்டு. 667இல் எழுப்பப்பட்ட அதன் கற்சுவர்கள் இன்றும் அந்தத் தீவில் நிற்கின்றன, ஆனால் ஆட்டத்தில் நாம் காணும் அடுக்குமாடிக் கோட்டை பிற்கால வடிவம். ஜின் ஆங்காங்கே அமர்ந்து எழுதும் ஹைக்கூ என்ற குறுங்கவிதையும் 17ஆம் நூற்றாண்டில்தான் தனி வடிவமாக வளர்ந்தது. இந்தக் காலப் பிழைகளால் ஆட்டத்தின் மீது எனக்கு மதிப்புக் குறையவில்லை. 2020 செப்டம்பரில் புயலால் சுஷிமாவின் வதாட்சுமி ஆலயத்தின் தோரி என்ற நுழைவாயில் இடிந்து விழுந்தபோது, அதை மீண்டும் எழுப்ப 2.7 கோடி யென்னுக்கும் மேல் நன்கொடை சேர்ந்தது. கொடுத்தவர்களில் இந்த ஆட்டத்தின் வழியாகவே அத்தீவை அறிந்த ரசிகர்கள் ஏராளம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு ஒரு முகாமுக்கு வெளியே புல்லுக்குள் பதுங்கி, தலைவன் வாள் வீசிப் பழகுவதை முழுவதும் பார்த்தேன். பிறகு சண்டையில் ஈட்டிக்காரன் ஒருவன் பாய்ந்தபோது நீல ஒளியைக் கண்டு சரியான நொடியில் தட்டிவிட்டேன். அவன் தடுமாறி முழங்காலிட்டான். அடுத்து வந்த கேடயக்காரனிடம் தோற்றுவிட்டேன். இன்று நீர் நிலையைத் தேடிப் புறப்படுகிறேன்.