தூரத்திலிருந்து ரசிக்கும் எழுத்தாளருக்கு எப்படி எழுதுவது?

நண்பர்களே, ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

தன் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல், வயிறு வலிக்கச் சிரிக்கவைத்து எழுதும் ஒருவரைப் பல வருஷமாக வாசித்து வருகிறேன். நேரில் பார்த்ததில்லை, பேசியதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதையும் கடனில் தவித்ததையும் அவர் மறைப்பதில்லை. அதே பத்தியிலேயே சிரிக்கவும் வைத்துவிடுகிறார். நகைச்சுவை நிறைய பேருக்கு வரும். தன்னை இப்படித் திறந்து வைக்கும் துணிச்சல் அபூர்வம்.

அவருக்கு நன்றி சொல்லி எழுத ஆசை. ஆனால் ஒரு தயக்கம். 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், வானொலி, தொலைக்காட்சியில் வருபவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். எழுத்திலும் அதே கதைதான். அவருடைய அம்மாவின் கோபம் வரை எனக்குத் தெரியும், என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அதனால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி எழுதிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

உங்களில் யாராவது இப்படி எழுதியிருக்கிறீர்களா? உங்களுக்கே வாசகர் கடிதம் வருமென்றால், எது மகிழ்ச்சி தரும், எது சங்கடப்படுத்தும்? முக்கியமாக, அவர் பகிர்ந்த வேதனைகளை நான் தொடலாமா, இல்லை சிரித்ததை மட்டும் சொல்வது நல்லதா? அப்புறம், பதில் எதிர்பார்க்கவில்லை என்று கடைசியில் எழுதினால் அவருக்குச் சுமை குறையுமா?